டிரசர் வீட்டு மருந்து

கிள்ளானுக்குத் தெற்கே ஆறு மைல் தள்ளியிருந்த ரப்பர்த் தோட்டமொன்றில் முத்துக்குமாரு டிரசராக இருந்தார். புண் கட்டுவதும், மருந்து கலப்பதும், வாரத்தில் ஒரு நாள் வரும் வெள்ளைக்கார டாக்டருக்கு நோயாளிகளைக் காட்டுவதும் அவர் வேலை. விடிந்ததும், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். காய்ச்சல் அண்டாதிருக்க ஒவ்வொருவர் வாயிலும் கொயினா மருந்து ஊற்றுவார். கசப்புத் தாளாமல் ஒளித்துத் துப்பிவிடுவார்கள் என்பதால், விழுங்கியவர் தன் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் நகரவேண்டும்.

"ஐயா, இருபது வருசமா எம் பேரு வீரம்மாதான். இன்னிக்கு ஒரு நாளு நீங்களே சொல்லிக்கிடுங்களேன்," என்பாள் மருந்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டே பேசத் தெரிந்த ஒரு பால்வெட்டுக்காரி.

"முதல்லை விழுங்கு, பிறகு கதை," என்பார் முத்துக்குமாரு.

முந்நூறு பேருக்கு ஊற்றினாலும் ஒரு சொட்டுக் கூடாது, குறையாது. அந்தக் கை வீட்டுப் படி ஏறியதும் வேறு கையாகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் பந்து விளையாடினார். முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் போகும்வரை விளையாடினார். பிறகு வயலின். விரல் நுனி வெடித்து இரத்தம் கசிந்த பின்னும் துணி சுற்றிக்கொண்டு வாசித்தார். அதை விட்டதும் காட்டிலிருந்து பூக்கொடிகளைக் கொண்டுவந்து மரத்துக்கு மரம் கட்டத் தொடங்கினார். அவர் குடிக்கும் தேநீருக்குக் கணக்கில்லை. எதிலும் போதும் என்ற இடம் அவருக்குத் தென்படுவதில்லை. அது தன் குறை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தது உதவவில்லை.

"மச்சான், நீர் கலியாணம் கட்டினா அந்தப் பெட்டை பாவம்," என்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிவசம்பு பகிடி பண்ணுவார்.

குணபூசணி மனைவியாக வந்தாள். அவளுக்குத் தலையிடி வந்தால் இவர் வேலையை விட்டு வீட்டுக்கு ஓடினார். அவள் ஒரு நாள் நன்றாயிருக்கிறது என்று சொன்ன மீனையே ஒரு மாதம் வாங்கினார். அவள் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தி, "காணும், இனி நிப்பாட்டுங்கோ," என்பாள். அப்படி ஒருவர் சொன்னால் அவரால் நிறுத்த முடிந்தது. அதுவரை யாரும் அவருக்கு அப்படிச் சொல்லியிருக்கவில்லை.

மூன்றாம் வருடத்து மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பல் கிட்டும் குளிர், பிறகு கொதிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, கொயினா நாளுக்கு மூன்று வேளை, ஒரு வாரம் என்று எழுதிக் கொடுத்துப் போனார். அதே வாரம் தோட்டத்தில் இரண்டு பேர் காய்ச்சலில் இறந்தார்கள். இரண்டு உடலையும் முத்துக்குமாருதான் துணி போர்த்தி அனுப்பினார். வீட்டுக்கு வந்து நாலாவது வேளை கொடுத்தார். மறுநாள் ஐந்து.

"இப்பதானே குடிச்சனான்?"

"அது காலமை. இது வேறை. குடியும், ராசாத்தி."

மூன்றாம் நாள் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "இஞ்சருங்கோ, காதுக்குள்ளை ஆரோ விடாமல் சங்கு ஊதுறமாதிரிக் கிடக்கு."

காது இரைந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று டிரசர்மார் சொல்வார்கள். அவரும் ஆட்களிடம் அப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டு அன்றோடு அளவைக் குறைப்பார். இங்கே அவருக்குத் தோன்றியது வேறு. பிடிக்கிறது, இன்னும் கொடுத்தால் வேரோடு போய்விடும்.

"பயப்பிடாதையும். நல்ல அடையாளம்."

"காணும்," என்றாள் அவள். கை உயர்த்த அவளுக்குப் பலமில்லை. அவர் தலையைத் தாங்கி ஊற்றினார்.

ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. அவள் எழுந்து சாய்ந்திருந்தாள். சன்னலுக்கு வெளியே தகரக் கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது.

"மழை சத்தமில்லாமல் பெய்யுது," என்றாள்.

அவர் அவள் பெயரைச் சொன்னார். முதுகுப்பக்கம் நின்று மீண்டும் சொன்னார். கத்தினார். அடுப்படியில் பூனை எழுந்து ஓடியது. அவள் திரும்பவில்லை.

டாக்டர் வந்து காதுக்குப் பக்கத்தில் மணியடித்துப் பார்த்தார். எத்தனை வேளை கொடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முத்துக்குமாரு சொன்னார். சில பேருக்குத் திரும்பும், பொறுத்துப் பார், வேறெந்த மருந்தும் தொடாதே என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

ஒரு மாதம் போயிற்று. மூன்று மாதம் போயிற்று. பொறுத்திருக்க அவருக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கினார். கிள்ளான் சீனக் கடையில் ஒரு தூள். மலாய்க் கம்பத்தில் பாவாங் என்னும் மந்திரவாதி ஒருவரிடம் மந்திரித்த தண்ணீர். கோயில் கோயிலாக நேர்த்தி வைத்தார். காதுக்குள் புண் வந்து சீழ் கட்டியது. அதற்கும் ஒரு மருந்து தேடினார்.

"மச்சான், அந்தப் பெட்டையைச் சும்மா விடும்," என்றார் சிவசம்பு. பகிடி இல்லை குரலில்.

குணபூசணியின் பேச்சு இப்போது அளவு தெரியாமல் உரத்து வந்தது. ஒரு நாள் அடுத்த வீடுவரை கேட்கும்படி சொன்னாள்: "காணும்! எனக்கொண்டும் வேண்டாம். என்னைச் சும்மா இருக்க விடுங்கோ."

அவர் அழுதார். மன்னித்துக்கொள்ளும் என்றார், திரும்பத் திரும்ப. வாய் அசைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு ரயிலேறி மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனார். வந்ததும் புது எண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் எண்ணெயைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். மெலிந்து, சவரம் செய்யாமல் இருந்தார். பாயில் ஒருக்களித்துப் படுத்துக் காதைக் காட்டினாள்.

காது திரும்பும் என்று அவள் நம்பவில்லை. அவருக்காகத்தான் படுத்திருக்கிறாள். அது அவருக்கு விளங்கியது.

விளங்கியும் ஊற்றினார். சொட்டுகளை எண்ணவில்லை.