துவானுக்கு ஒரு இலை

சார்ஜன் முதன்முதலாகக் கேம் ஆடியபோது சிவப்பு விளக்கில் நின்றார். திரையில் ஒரு துறைமுக நகரம், மழை விட்ட சாலை. அவர் ஓட்டிய கதாநாயகன் களவாடிய மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்தான். பின்னால் இரண்டு கார்கள் துரத்தின. சந்திப்பில் விளக்கு சிவப்பானதும் சார்ஜன் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டார். கதாநாயகன் காலை ஊன்றி நின்றான். கார்கள் வந்து அவனை வண்டியோடு இடித்துத் தள்ளின. அறையிலிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சார்ஜன் என் பக்கம் திரும்பி, "செவப்பு லைட்டு தங்கச்சி, எப்படிப் போறது?" என்று உண்மையாகவே கேட்டார்.

நான் அதற்கு முன் உலு திராமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது, ஜொகூர் பாருவில் கேம் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனையாளர் வேலை கிடைத்தது. சோதனையாளருக்கு நாள் முழுவதும் விளையாட்டுத்தான் என்று வீட்டில் நினைத்தார்கள். உண்மையில், விளையாட்டு எங்கே உடைகிறது என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு காட்சியில் நீலச் சட்டை போட்டிருந்தவன் அடுத்த காட்சியில் பச்சைச் சட்டையோடு வந்தால் எழுதி வைக்க வேண்டும். சுவருக்குள் ஒருவன் நடந்து போனால் எழுதி வைக்க வேண்டும். என் சுபாவத்துக்கு அது பொருந்திய வேலை. நாட்குறிப்பு எழுதுகிறவளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்த கேமில் ஒரு போலீஸ்காரன் தன்னை யாரென்று மறைத்துக்கொண்டு ஒரு கடத்தல் கும்பலுக்குள் நுழைகிறான். ஆடுகிறவர் அந்த நகரத்தில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், எந்த வண்டியையும் எடுக்கலாம், யாரோடும் சண்டை போடலாம். கடைசியில் கும்பலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். நகரத்துக்குக் கற்பனைப் பெயர் வைத்திருந்தார்கள். ஆனாலும் அதன் படகுத்துறையையும் சதுப்புக் காட்டையும் கடை வரிசையையும் பார்த்தால் ஜொகூரின் தென்மேற்குக் கரை என்று எங்களுக்குத் தெரியும். கும்பலில் தமிழர்கள் உண்டு. அவர்கள் பேசுவது சரியாக இருக்க வேண்டுமென்று ஆலோசகராக ஒருவரைத் தேடினார்கள். இளமையில் உண்மையாகவே அப்படி ஒரு கும்பலுக்குள் இருந்து வேலை செய்த, ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன் ஒருவர் கிடைத்தார்.

அவருக்கு எங்கள் கேமின் பேரில் பெரிய மதிப்பு இல்லை. "இவன் ஏன் ஓடிக்கிட்டே இருக்கான்? நாங்கெல்லாம் ஒக்காந்துகிட்டேதான் இருந்தோம்," என்பார். துப்பாக்கிச் சண்டை வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒருமுறை கதாநாயகனை ஊர் முழுக்க நடத்திவிட்டு, "ஒரு தே குடிக்க வழியில்ல, இது என்னா ஊரு லா?" என்று சலித்துக்கொண்டார். அதைக் கேட்டு ஒரு தேநீர்க் கடையைச் சேர்த்தார்கள். கதாநாயகன் அங்கே உட்காரலாம், கோப்பையைத் தூக்கலாம், வேறொன்றும் நடக்காது. அதைச் சோதித்தது நான். கும்பல்காரர்கள் தலைவனைப் பார்த்து நீளமாக வசனம் பேசும் இடங்களையெல்லாம் அவர் வெட்டினார். "அண்ணேன்னு ஒரு வார்த்த போதும். மிச்சத்த மூஞ்சி சொல்லும்."

அவர் சொன்னதிலேயே பெரிய கதை ஒரு மதிய உணவின்போது வந்தது. கதைப் பிரிவின் தலைவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் பாதி மலாயிலும் பாதி தமிழிலும் சொன்னார். கும்பலில் சேர்ந்த புதிதில், படகுத்துறைக் கொட்டகையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தலைவன் பின்னாலிருந்து அதட்டலாக அவரைக் கூப்பிட்டிருக்கிறான். போலீஸ் பயிற்சியில் மேலதிகாரி கூப்பிட்டால் குதிகாலைச் சேர்த்து நின்று 'துவான்' என்று சொல்ல வேண்டும். மலாயில் ஐயா என்று பொருள். கும்பல்காரன் எவனும் அப்படிச் சொல்ல மாட்டான்.

"வாயி சொல்லிருச்சு தங்கச்சி. காலும் சேந்திருச்சு. முடிஞ்சுது நம்ம கதன்னு நெனச்சேன்."

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாக்குமூட்டைமேல் ஒரு நாய் படுத்திருந்தது. இவர் அதே விறைப்போடு நாயின் பக்கம் திரும்பி, சலாம் வைத்து, "துவான், பசியாறியாச்சா துவான்?" என்று கேட்டார். கும்பலில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன்தான் முதலில் சிரித்தான். அவன் சிரித்ததும் மற்றவர்களும் சிரித்தார்கள். தலைவனும் சிரித்தான். "அவன் சிரிக்கலன்னா நான் இங்க ஒக்காந்து நாசி லெமாக் சாப்புட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்," என்றார் சார்ஜன். அன்று தப்பித்தது போதாது, தவறிச் சொன்னது அல்ல என்று காட்ட வேண்டும். அதனால் அன்றிலிருந்து எல்லோரையும் துவான் என்றே கூப்பிட்டார். தேநீர்க்காரர் துவான், மீன்காரி துவான், பூனை துவான். கொஞ்ச நாளில் கும்பல் அவருக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டது. அங்கே இருந்தவரை அவர் துவான்தான்.

"திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தா, பெரியவரப் பாத்து துவான்னு சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருது. நாயி ஞாபகம். அவரு ஒரு பார்வ பாத்தாரு. மெர்சிங்குக்கு மாத்தித் தூக்கிட்டாரு."

மேசையே குலுங்கியது. கதைப் பிரிவின் தலைவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் அந்தக் காட்சி கேமில் இருந்தது, நாயோடு. கதாநாயகனுக்குக் கும்பலில் வழங்கும் பெயர் துவான் என்று ஆகிவிட்டது. தமிழ்க் குரலைச் சார்ஜனே பதிவு செய்து கொடுத்தார். ஒலிப்பதிவு அறையில் அவர் குதிகாலைச் சேர்த்து நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அன்று அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

விளம்பரப் படம் தயாரானபோது அவர் மாறினார். ஒரு நிமிடப் படத்தில் கதையின் உயிரை வைக்க வேண்டும் என்று, இருட்டுக் கொட்டகையில் ஒருவன் "துவான்!" என்று கூப்பிடுவதையும், கதாநாயகன் திரும்பும்போது அவன் சட்டைக்கு அடியில் போலீஸ் வில்லை மின்னுவதையும் வைத்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். சார்ஜன் தட்டவில்லை. மாலையில் வாகன நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"தங்கச்சி, அந்தப் பேர எடுத்திரச் சொல்லுங்க."

காரணத்தைச் சொன்னார். முதலில் சிரித்த அந்த ஓட்டுநர் இப்போது பொந்தியானில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். அந்த நாள்களில் இருவரும் ஒன்றாகவே திரிந்தவர்கள். ஓட்டுநரின் அம்மா இவருக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பாராம். ஒரு விடியற்காலையில் சரக்குப் படகு கரை சேர்ந்தபோது போலீஸ் வளைத்தது. வழி சொல்லிக் கொடுத்தது சார்ஜன். ஓட்டுநர் சிறைக்குப் போனார். சார்ஜனைக் காப்பாற்ற, துவான் தண்ணீரில் குதித்தான், மூழ்கிவிட்டான் என்று செய்தி பரப்பப்பட்டது.

"அதோட முடிஞ்சுதுன்னு இருந்தேன். ரிட்டையர் ஆன பொறகு ஒரு கல்யாணத்துல பொந்தியான் ஆளு ஒருத்தரப் பாத்தேன். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. பேச்சுவாக்குல சொல்றாரு, எங்கூர்ல ஒரு மெக்கானிக்கு, தீபாவளிக்கு மொத நாள் படையல் போடும்போது, கடல்ல செத்துப்போன கூட்டாளி ஒருத்தனுக்கும் சேத்து எல போடுறாருன்னு. அவங்கம்மா ஆரம்பிச்சதாம். அந்தப் புள்ளைக்கு யாரும் இல்ல, நாம வைக்கலன்னா யாரு வைப்பான்னு. அம்மா போன பொறகு இவன் வைக்கிறான்."

"அலமாக், உயிரோட இருக்கிறவனுக்குப் படையல்," என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பட்டறையில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கேம் ஆடுகிற வயதினர். அந்த விளம்பரம் யாராவது ஒருவரின் கைப்பேசியில் ஓடும். தான் இலை போட்டு வந்த மனிதன் சாகவில்லை, தன்னைப் பிடித்துக் கொடுத்த போலீஸ்காரனே அவன்தான் என்று, அந்த மெக்கானிக் ஒரு விளையாட்டு விளம்பரத்திலிருந்து தெரிந்துகொள்வார். சார்ஜனுக்கு அதுதான் தாங்கவில்லை. தனக்கு ஏதும் ஆகுமென்ற பயம் அவர் பேச்சில் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்றேன். கேமில் உண்மையாகவே ஒரு குழப்பம் இருந்தது. கதாநாயகன் தன் மேலதிகாரியைத் துவான் என்கிறான், கும்பல் கதாநாயகனைத் துவான் என்கிறது. சில இடங்களில் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஆடுகிறவருக்குத் தெரியாது. அதைப் பிழை என்று, இடங்களைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பதில் வந்தது: பிழை அல்ல, வேண்டுமென்றே செய்தது. நான் நேரில் போய்ச் சார்ஜனின் விருப்பத்தைச் சொன்னேன். கதைப் பிரிவின் தலைவர் கெட்டவர் அல்ல. ஆனால் எல்லா மொழியிலும் பதிவு முடிந்துவிட்டது, படம் வெளியீட்டுக்குப் போய்விட்டது என்றார். அடுத்த மாதம் வந்துவிடும்.

சார்ஜனிடம் சொன்னபோது தலையாட்டினார். "அப்ப நான்தான் முந்திக்கணும். சனிக்கிழம பொந்தியான் போறேன். நீங்களும் வாங்க தங்கச்சி. பொம்பள கூட இருந்தா வாசல்ல வச்சு ஸ்பேனரத் தூக்க மாட்டான்."

பட்டறை கடைவரிசையின் ஓரத்தில் இருந்தது. மெக்கானிக் ஒரு வண்டியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நரைத்த, ஒல்லியான மனிதர். நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வந்து, எண்ணெய்க் கையால் சார்ஜனின் முழங்கையைத் தொட்டார். தோளைத் தொட்டார்.

"துவானா?"

"ம்."

"டேய், துவானா? நீ சாவலியாடா? எங்கடா போய்த் தொலஞ்ச? இந்தோனேசியாவா?" அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். வேலைக்காரர்களைக் கூப்பிட்டார். "பாருங்கடா, செத்தவன் வந்திருக்கான்! தொப்பையோட வந்திருக்கான்!" என் பக்கம் திரும்பி, "நீங்க சம்சாரமா? உக்காருங்கம்மா," என்று நாற்காலியைத் துடைத்தார். ஸ்பேனர் வரும் என்று தயாராகிப் போன சார்ஜன் இதற்குத் தயாராக இல்லை. கேம்களில் இந்த மாதிரி இடத்தில் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். அழுத்தாமல் இருந்தால் கேம் காத்திருக்கும். இங்கே மெக்கானிக் தேநீருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"தே வேணாம். நான் சொல்றதக் கேளு," என்றார் சார்ஜன். "நான் மாத்தாடா."

போலீசை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மெக்கானிக்கின் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, அணைக்க மறந்த விளக்கு மாதிரி.

"அப்பவேவா?"

"அப்பவே."

"நாயிக்கு சலாம் வச்சியே, அப்பவும்?"

"அப்பவும்."

அவர் போய் மறுபடி வண்டியின் முன் உட்கார்ந்தார். சங்கிலியைக் கையில் எடுத்தார், வேலை செய்யவில்லை. வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். சார்ஜன் கேம் பற்றி, விளம்பரம் பற்றிச் சொன்னார். அது மெக்கானிக்கின் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"எங்கம்மாவுக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் சோறு போட்டாங்களா?"

"தெரியாது."

"சரி." சங்கிலியைக் கீழே வைத்தார். "தீபாவளிக்கு மொத நாளு வா. அம்மா ஆரம்பிச்சத எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. ஒன் எலைய நீயே வந்து சாப்புட்டுப் போ. அதோட சரி. அப்புறம் இந்தப் பக்கம் வராத."

சார்ஜன் போனார், தனியாகத்தான். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. விடுமுறை முடிந்து வந்த அன்று உணவு மேசையில் என்னிடம், "உப்பு கம்மி தங்கச்சி. படையல் சோத்த ருசி பாத்து வைக்க மாட்டாங்கல்ல," என்று சொன்னார். சாப்பிட்டு முடித்து இலையை மடிக்கும்போது, விருந்து இலைபோல் உள்பக்கமா, சாவு வீட்டு இலைபோல் வெளிப்பக்கமா என்று கை நின்றுவிட்டதாம். மடித்தாரா இல்லையா என்று சொல்லவில்லை.

கேம் வெளியானது. ஓரளவு விற்றது. வெளியான பிறகும் நான் அதைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கதை முடிந்த பின்னும் ஆடுகிறவர் அந்த நகரத்தில் சுற்றலாம், ஆனால் கதாநாயகன் பிடித்துக் கொடுத்த கும்பல் நண்பன் நகரத்தில் எங்கும் இருக்க மாட்டான். முடிந்துபோன கதாபாத்திரத்தை நினைவகத்திலிருந்து எடுத்துவிடுவார்கள், இடம் மிச்சமாகும். அது பிழையல்ல.

சென்ற ஆண்டு சார்ஜன் மாரடைப்பில் காலமானார். இறுதிச் சடங்குக்கு நிறுவனத்திலிருந்து சிலர் போனோம். பொந்தியானுக்குச் செய்தி சொல்ல அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அடுத்த வாரம் நானே போனேன். பட்டறையில் மெக்கானிக் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"நெசமாவா?" என்றார். "போன தடவ மாதிரி இல்லியே?"

"இல்லிங்க. நான் பாத்தேன். எரிமேடைக்குக் கூடப் போனேன்."

அவர் துணியை எடுத்துக் கைகளைத் துடைக்கத் தொடங்கினார். விரல் விரலாகத் துடைத்தார். எண்ணெய்க் கறை போகவில்லை.

"அவன் நெசப் பேரு என்னாம்மா? படையல்ல பேரச் சொல்லித்தான் கூப்பிடணும்."

பெயரைச் சொன்னேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். யாரோ தெரியாதவரின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது. தலையை ஆட்டினார்.

"வேணாம்மா," என்றார். "துவான்னே கூப்புட்டுக்கிறேன்."