மாவுப்பூச்சிக்கு மருந்து

என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அந்த வருஷம் இரண்டு எதிரிகள். ஒன்று மாவுப்பூச்சி. இன்னொன்று, அப்பா ஈப்போவில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை.

மாவுப்பூச்சி வீட்டின் பின்புறம் பைகளில் வளர்ந்த மிளகாய்ச் செடிகளைப் பிடித்திருந்தது. இலைக்கு அடியில் அரிசிமாவைத் தூவினாற்போல் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். கடை மருந்தை அத்தை தொடமாட்டார். "அதை அடிச்சா அப்புறம் அந்த மிளகாயை யாரு சாப்பிடுறது, நீயா?" என்பார். பூண்டையும் காய்ந்த மிளகாயையும் அரைத்து அடித்துப் பார்த்தார். வீடே தும்மியது, பூச்சி மட்டும் தும்மவில்லை. சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து இலை இலையாகத் துடைத்தார். போன பூச்சி சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. இனி வேப்பிலைதான் என்று முடிவு செய்தார்.

மாப்பிள்ளை விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அத்தை அப்போதுதான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன் ஆகியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று ஈப்போக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்று அத்தை சொல்லிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். "வந்து பார்த்துட்டுப் போகட்டும் லா. பார்த்தா உடனே கல்யாணமா?" என்றார் அப்பா. ஆனால் லிட்டில் இந்தியாவில் பட்டுப்புடவை எடுத்தாயிற்று. பட்டெடுத்த பிறகு சும்மா பார்த்துவிட்டுப் போகிறவர்கள் யார்?

அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பூவும் பலகாரமும் வாங்கப் போயிருந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்துக் காலையில்தான் வந்திருந்தார். தூங்காத கண்ணோடு சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். அத்தை புதுப்புடவையோடு வெளியே வந்தார். தண்ணீர்மலைப் பக்கமிருந்து ஒடித்து வந்த வேப்பிலைக் கொத்தை முன்கேட்டில் நன்றாகத் தொங்கும்படி கட்டினார்.

"என்ன அத்தை இது?"

"செடிக்கு மருந்து, பாப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

விருந்தாளிகள் வந்தால் கூப்பிடச் சொல்லி என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வீட்டில் என்மேல் அத்தனை நம்பிக்கை.

கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாயார் ஒரு காலை வெளியே வைத்தவர், வேப்பிலையைப் பார்த்தார். வைத்த காலை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டார்.

"பாப்பா, வீட்டுல அம்மா வந்திருக்காங்களா?"

"வந்திருக்காங்களே! காலையிலதான் வந்தாங்க."

அவர் கேட்டது மாரியம்மனை. அம்மை போட்ட வீட்டில் 'அம்மா வந்திருக்கிறாள்' என்பார்கள், வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வேற்றாள் படி மிதிக்கமாட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? "உள்ளே வாங்க, கூப்பிடுறேன்," என்று வேறு உபசரித்தேன். அவர் "தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார் வந்த வழியே போய்விட்டது.

அப்பா பூவோடு வந்து சேரவும் ஈப்போக்காரர்களிடமிருந்து போன் வரவும் சரியாக இருந்தது. அம்மையுமில்லை கிம்மையுமில்லை, அது வெறும் செடி மருந்து என்று அப்பா தலைகீழாக நின்று பார்த்தார். முதல் நாளே ஆத்தா குறுக்கே வந்துவிட்டாள், இனி இது சரிப்படாது என்று அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். அப்பா என்மேல் பாய்ந்தார்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் அண்ணே? விடுங்க லா," என்று அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். ஐயோ பாவம், அத்தையின் கல்யாணம் போச்சே என்று அவருக்கும் சேர்த்து நானே அழுதேன்.

சாயங்காலம் அத்தை பழைய சட்டைக்கு மாறி, வேப்பிலையை உருவி அரைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்பு விட்டு இலைக்கு அடியில் அடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஏதோ பாட்டு வேறு.

"செடியெல்லாம் பின்னால இருக்கு. நீங்க ஏன் அத்தை முன்னால கட்டுனீங்க?"

"பூச்சி எந்த வழியா வருதோ அங்கதானே கட்டணும்?"

நியாயமாகத்தான் பட்டது. ஓடிப்போய் கேட்டின் கம்பி, கீல், தூணடி எல்லாவற்றையும் குனிந்து பார்த்தேன்.

"ஒண்ணுமே இல்லை அத்தை!" என்று கத்தினேன்.

"இல்லையா?" பின்னாலிருந்து அத்தை சிரிப்பது கேட்டது. "அப்ப மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு லா!"

மறுநாள் பள்ளிக்கூடத்தில், மாவுப்பூச்சிக்கு வேப்பிலையை அரைக்கவே வேண்டாம், முன்கேட்டில் கட்டினாலே போதும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.