வெல்லத் துண்டும் மண்டை ஓடும்

ஈய நைட்ரேட் பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரியே இருக்கும். நாக்கில் பட்டால் இனிக்கும் என்றுகூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் சுவைத்துப் பார்த்ததில்லை. முதலாளியின் டீயில் அரை ஸ்பூன் கலந்து கொடுத்தால் என்ன என்று சில நாள் நினைத்திருக்கிறேன். செய்யவில்லை. மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைவிட நல்ல வழி கிடைத்தது, அவ்வளவுதான்.

டெல்லியில் மெட்ரோவுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பா மத்திய அரசு குமாஸ்தா, வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். மந்திர் மார்க் பள்ளியில் தமிழ் படித்து, கல்லூரியில் கெமிஸ்ட்ரி முடித்து, ஓக்லாவில் ஒரு சந்துக்குள் இருந்த கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெரிய டிரம்களில் வரும் ஈய நைட்ரேட்டைச் சலித்து, சின்னப் பைகளில் அடைத்து, உள்ளூர்ச் சாயப் பட்டறைகளுக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்புவார்கள். முதலாளியும் தமிழர்தான், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். பை அடைக்கும் வேலைக்குப் பக்கத்து ஜுக்கிக் குடிசைகளில் இருந்த தமிழ்ப் பெண்களைத்தான் வைத்துக்கொள்வார். "நம்ம ஊர் ஜனங்களுக்கு நாமதானே செய்யணும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நன்றாகத்தான் செய்தார்.

என் முதல் வேலை, அந்தப் பொருளுக்கு ஓர் அபாயத் தாள் தயாரிப்பது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டிருந்தார். தடித்த புத்தகம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதனால் என்னென்ன கெடுதல், ஒவ்வொன்றும் எந்தப் படி என்று பிரித்து எழுத வேண்டும். முதலில் பொருளின் குணம். அது தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் ஏதாவது எரிந்தால் அந்த நெருப்பைக் கொழுக்க வைக்கும். அதனால் மரம், சாக்கு எதுவும் அருகில் இருக்கக் கூடாது என்று எழுதினேன். எங்கள் கிடங்கில் டிரம்கள் மரப்பலகையின் மேல்தான் நின்றன, சுற்றிலும் சாக்குக் குவியல்.

அடுத்தது உடம்பு. விழுங்கினால், மூச்சில் போனால், கண்ணில் பட்டால், நாள்பட உள்ளே சேர்ந்தால் என்று வரிசையாக வந்து, கருவுக்குக் கேடு என்ற வரியில் என் கை நின்றது. முதல் படி என்று போட்டிருந்தது. முதல் படி என்றால் எலிக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுவது இல்லை. பெண்களுக்கே நடந்து, அதைப் பார்த்து, எழுதியும் வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பொருளுக்கு ஆரஞ்சுக் கட்டத்தில் கறுப்பு மண்டை ஓடு போட்டே ஆக வேண்டும். போட்டேன்.

முதலாளி தாளை மேலும் கீழும் பார்த்தார். "அச்சா. இது வெளிநாட்டுக்காரனுக்கு. அவன் கேக்கறான், குடுத்துரு. லோக்கலுக்கு வேற ஒண்ணு அடிம்மா. எல்லா இடத்துலயும் 'இல்லை'ன்னு போடு. ஜல்தி."

அடித்தேன். மூன்று மணிக்கு மண்டை ஓடு, நான்கு மணிக்கு இல்லை, இல்லை, இல்லை. இரண்டும் இதே விரல்கள். முதலுதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டதற்கு, "தினமும் வெல்லம்னு போடு" என்றார்.

தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு வெல்லம் கொடுப்பது அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். உள்ளே போன விஷத்தையெல்லாம் அது வழித்துக்கொண்டு வந்துவிடுமாம். எங்கள் கிடங்கிலும் காலை பதினொரு மணிக்கு ஒரு தகர டப்பா சுற்றி வரும், ஆளுக்கு ஒரு துண்டு. வெல்லம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஈயத்தை அது ஒன்றும் செய்யாது. இது எனக்குத் தெரியும்.

பை அடைக்கிறவர்களில் சேலம் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள், தனியாக இருந்தால் கண்ணு என்பாள். அவளுக்கு ஊரில் பிறந்த ஏழு வயதுப் பெண் ஒன்று இருந்தது. இந்த வேலைக்கு வந்த பிறகு இரண்டு கரு கலைந்துவிட்டன. நான் சேர்ந்து, அந்தத் தாள்களை அடித்த மே மாதம், ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"ஏன் கண்ணு, நீ படிச்ச புள்ள. இந்தப் பவுடரு வவுத்துல இருக்கறதுக்கு ஒண்ணும் பண்ணாதில்ல? முன்ன ரெண்டும் தங்கல."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி உட்கார்ந்திருந்தார். இரண்டு தாள்களும் என் இழுப்பறையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எனக்கு அது முதல் வேலை, சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"ஒண்ணும் ஆகாதுக்கா. வெல்லத்தை மட்டும் விடாம சாப்பிடுங்க" என்றேன்.

ஆகஸ்டில், ஆறாம் மாதத்தில், அதுவும் போய்விட்டது. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தாள். முகம் வெளுத்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து நின்றவளை, எல்லாப் பெண்களும் கேட்கும்படி முதலாளி பிடித்துக்கொண்டார். "டெய்லி வெல்லம் குடுக்கறேன். இவ அதைத் திங்காம முடிஞ்சு வச்சுக்கிட்டு வீட்டுக்குக் கொண்டு போறா. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. வயித்துல இறங்கினாத்தானே வேலை செய்யும்?"

உண்மைதான். தன் துண்டை அவள் பெண்ணுக்காகத்தான் எடுத்துப் போவாள். தினமும் சாயங்காலம் அது வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்குமாம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க சார்" என்றாள். தன் பிள்ளையைத் தானே தின்றுவிட்டதாக நம்பிவிட்டாள் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் நின்று, முழுத் துண்டையும் வாயில் போட்டு மென்று, வாயைத் திறந்தும் காட்டுவாள். நான் பார்த்துவிட்டு என் மேசைக்குப் போய்விடுவேன். அப்போதும் அந்த ஆளை மடையன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெல்லத்தை நிஜமாகவே நம்புகிறார், தாளைப் படித்தும் புரியவில்லை என்று.

ஆயுத பூஜை வந்தது. டிரம்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சல்லடைக்கும் தராசுக்கும் பூ சாத்தி, பொரி கடலையோடு வெல்லமும் பரப்பியிருந்தோம். முதலாளியின் பெண் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். அவளும் காரில் வந்தாள். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்ததுதான் தாமதம், பூஜையை விட்டு அவர் ஓடினார்.

"உள்ள வராதே! எறங்காதேன்னு சொன்னேன்ல? கதவைச் சாத்து. கண்ணாடியை ஏத்து."

திரும்பி வந்து குழாயடியில் சோப்புப் போட்டு முழங்கை வரை இரண்டு தடவை கழுவினார். சட்டையைக் கூட மாற்றிக்கொண்டார், அலமாரியில் ஒன்று தயாராக இருந்தது. அதன் பிறகுதான் காருக்குப் போய்ப் பெண்ணின் தலையைத் தொட்டார். அவளுக்கு வெல்லம் எடுத்துப் போகவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாளை அவர் படித்திருக்கிறார். ஒரு வரி விடாமல், என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார். இந்த ஆளை விடுவதில்லை என்று அந்தக் குழாயடியைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன். இன்றுவரை அந்த முடிவுக்காக நான் ஒரு விநாடியும் வருந்தியதில்லை.

முதலாளிக்கு ஒரு பழக்கம். செக் என்றால் மூன்று தடவை பார்ப்பார், மற்ற காகிதம் எதுவானாலும் "எங்க?" என்று கேட்டு, விரல் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். உள்ளூர்ப் பைகள் தீர்ந்து, புதிதாக அச்சடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டுத் தாளில் இருந்த அத்தனையையும் இந்தியிலும் தமிழிலும் எழுதினேன். என் தமிழ் தடுமாறிய இடங்களில் அப்பாவிடம் கேட்டுத் திருத்திக்கொண்டேன், எதற்கென்று சொல்லவில்லை. பையின் முன்பக்கம் பாதிக்கு மண்டை ஓடு. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'வயிற்றில் உள்ள குழந்தைக்குக் கேடு செய்யும்.' தீபாவளிக்கு யார் யாருக்கு எந்த மிட்டாய்ப் பெட்டி என்று அவர் போனில் கத்திக்கொண்டிருந்தபோது நீட்டினேன்.

"எங்க?"

விரலைக் காட்டினேன். போட்டார்.

தீபாவளி முடிந்து பைகள் வந்திறங்கின. முதல் கட்டைப் பிரித்த பெண்களில் ஒருத்திக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியும். அவள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். கிடங்கில் பவுடர் அள்ளும் கரண்டிகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. முதலாளி வந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யாரு அடிக்கச் சொன்னது இதை?"

"நீங்கதான் சார் பாஸ் பண்ணீங்க." கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டினேன்.

"இதெல்லாம் பொய்! சும்மா பயமுறுத்தறா இவ. ஒண்ணும் கிடையாது, வேலையைப் பாருங்க" என்று பெண்களைப் பார்த்துக் கத்தினார்.

"அப்ப உங்க பொண்ணை ஏன் சார் கார்லயே உட்கார வச்சீங்க?"

அவர் வாய் திறந்தபடி நின்றது. அந்த முகத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மனசு சரியில்லாத நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். தகர டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பொறுக்கி அவர் முன்னால் வைத்தேன். "சாப்பிடுங்க சார். வயித்துல இறங்கினாத்தான் வேலை செய்யும்."

பெண்கள் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். அக்காவும் தன் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் போனாள். எனக்கு அன்றே வேலை போயிற்று. போகிற வழியில் ஒரு பையையும் இரண்டு தாள்களின் நகலையும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தபாலில் சேர்த்தேன். அவர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். குளிர்காலம் முடிவதற்குள் கிடங்குக்குப் பூட்டு விழுந்தது. ஒரு நாள் ப்ளூ லைன் பஸ்ஸில் அந்தச் சந்து வரை போய், பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வேலையாகப் போனேன் என்று சொன்னால் பொய். பூட்டைப் பார்க்கத்தான் போனேன்.

ஆனால் அதற்கு முன்பே, வேலை போன வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அக்காவைத் தேடி ஜுக்கிக்குப் போனேன். அவள் தப்பு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நன்றி சொல்வாள் என்றும் எதிர்பார்த்தேன். மறைப்பானேன்.

பெண் ஒரு மூலையில் எழுதிக்கொண்டிருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த இன்னொரு பையை விரித்துத் தமிழில் இருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். "வெல்லம் இல்லக்கா. நீங்க அத்தனையும் தின்னிருந்தாலும் இதுதான் ஆகியிருக்கும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அக்கா அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். மண்டை ஓட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத நீதான் எழுதுனயா கண்ணு?"

"நான்தான்க்கா."

"எப்ப எழுதுன?"

பொய் சொல்லியிருக்கலாம். பைக்காக அக்டோபரில் எழுதினேன் என்றால் அதுவும் பாதி உண்மைதான். "மே மாசம்" என்றேன்.

விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப எனக்கு மூணு மாசம்" என்றாள். "உன்ற மேசையண்ட வந்து கேட்டனே, அதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்னாடி."

அக்கா எழுந்து போய், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்து வந்தாள். பெண்ணுக்காக முன்பு சேர்த்து வைத்ததில் மிச்சம் போலிருக்கிறது, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தின்னுங்க மேடம்."

வீட்டுக்கு வந்தவளுக்குக் கொடுக்கிற கை இல்லை அது. நான் வாயில் போட்டு மென்றேன். முழுங்கி முடிக்கும் வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு நான் வாயைத் திறந்து காட்டினேன்.