தொங்கிப் பார்க்காத பெல்ட்

"ஆனி 9, திங்கள். புது பெல்ட் மாட்டிப் பார்த்தோம். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. விலா வலித்ததால் சுருக்கி எழுதியிருக்கிறேன். மீதியை இப்போது எழுதக் காரணம், நான் வீம்புக்கு நின்றேன் என்று மல்லசமுத்திரம் பக்கம் ஒரு பேச்சு நடமாடுவதுதான்.

அது தென்னை ஏறும் பயிற்சி. பெண்கள் பன்னிரண்டு பேர், ஆறு நாள். மிதித்து ஏறும் மிஷினில் நான்காம் நாளே நான் குலை வரை போய்விட்டேன். அதுவரை இடுப்புப் பட்டை மட்டும் உள்ள பழைய பெல்ட்டை மாற்றி மாற்றி மாட்டினோம். ஆறாம் நாள் புது பெல்ட் வந்தது. இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு என மூன்று பட்டைகள். மிஷின் வழுக்கினால் ஆளைப் பிடிப்பது இதுவும், மரத்தைச் சுற்றிப் போகும் கயிறும்தான். கூடவே ஒரு தாளும் வந்தது. 'பெல்ட் பாதுகாப்பாகவும் வசதியாகவும் உள்ளது' என்று அச்சடித்து, கீழே பன்னிரண்டு கட்டங்கள். கையெழுத்துப் போட்டவருக்குத்தான் மிஷின் கொடுப்பார்கள். மிஷின் இல்லையென்றால் பழையபடி கீழே நின்று அடுத்தவர் வெட்டிப் போடும் காயைப் பொறுக்க வேண்டும்.

காட்டு வேலைக்குப் போவதுபோல் எல்லோரும் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தோம். தொடைப் பட்டையை இறுக்கினால் சேலை முழங்காலுக்கு மேல் சுருண்டது. ஆகவே ஆளாளுக்கு ஒரு சாண் தளர்த்திவிட்டோம். பயிற்சியாளர் கூச்சப்பட்டு பத்தடி தள்ளி நின்றே பார்த்து, சரியாக இருக்கிறது என்றார். தரையில் நிற்கும்போது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. நிற்பதற்கு எதற்குப் பெல்ட்?

முதல் கையெழுத்துப் போட்டது எருமப்பட்டி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மறுநாளே ஒரு தோப்பில் ஏறுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

அன்று பயிற்சி நடந்த தோப்பில் போர்வெல் மோட்டாரைப் பழுதுக்காக வெளியே எடுத்திருந்தார்கள். அதைத் தூக்கிய மூன்று கால் இரும்புச் சட்டமும் செயின் கப்பியும் அப்படியே நின்றன. மெக்கானிக்கிடம் போனேன்.

"ஏனுங்க, இந்தச் செயின்ல என்னையத் தூக்கிவுட முடியுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முன்னூறு அடி பைப்போட மோட்டாரே வந்துச்சுங்க. நீங்க அதவுடக் கனமுங்களா?"

கம்பெனியில் சோதித்து முத்திரை வைத்த பெல்ட், மறுபடி எதற்கு என்று பயிற்சியாளர் குறுக்கே வந்தார். "பெல்ட்டச் சோதிச்சாங்க. நாங்க மாட்டியிருக்கறத யாருங்க சோதிச்சாங்க?" என்றேன்.

தரையிலிருந்து ஒரு முழம் தூக்கினார்கள். தளர்ந்த தொடைப் பட்டைகள் விட்டுக்கொடுக்க, இடுப்பில் இருந்த பட்டை விலாவுக்கு ஏறி இறுகியது. பாதி மூச்சுதான் வந்தது. உடம்பு பின்னால் சாய்ந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தலைகீழ். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

இறக்கியதும் மெக்கானிக்கின் மாற்றுப் பேண்ட்டைக் கேட்டு வாங்கினேன். கிரீஸ் நாற்றம் அடித்தது. ஊட்டுல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க என்று அக்கா முணுமுணுத்தார். தெரியட்டும் என்று மோட்டார் அறைக்குள் போய் மாட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு விரல் மட்டும் நுழையும்படி பட்டைகளை இறுக்கி மறுபடி தொங்கினேன். இம்முறை பெல்ட் நகரவில்லை. ஆறாம் நிமிடம் இடது கால் மரத்துப்போனது. ஒன்பதாம் நிமிடம் இறக்கச் சொன்னேன்.

தாளை வாங்கி என் கட்டத்தில் எழுதினேன்: 'சேலைமேல் மாட்டினால் வசதி உண்டு, பாதுகாப்பு இல்லை. பேண்ட்மேல் இறுக்கினால் பாதுகாப்பு உண்டு, வசதி இல்லை.' அப்படியெல்லாம் எழுதக் கூடாது, கையெழுத்து மட்டும்தான் என்றார் பயிற்சியாளர். அப்படியென்றால் கையெழுத்து இல்லை என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நான் எழுதியதன்மேல் கோடு போட்டார்.

அக்காவிடம், நீங்களாவது உங்கள் கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்றேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை, என் காலைப் பார்த்தார்.

"போட்டது போட்டதுதான் சாமி. அந்தப் பேண்ட்டு எங்க எடுக்கறது, அதச் சொல்லு."

மறுநாள் மகனுடைய பேண்ட்டில் ஏறினார். இப்போதும் அப்படித்தான் ஏறுகிறார். பதினொரு பேருக்கும் மிஷின் வந்தது, எனக்கு வரவில்லை. அக்கா ஏறாத நாட்களில் அவருடைய மிஷினில் ஏறுகிறேன். பட்டைகளை இறுக்கித்தான். அந்தத் தாளை இன்னொரு முறை நீட்டினாலும் அதையேதான் எழுதுவேன்.

பயிற்சி நடத்தியவர்களின் அலுவலகத்தில் இருக்கும் தாளில், என்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டத்திலும் கையெழுத்து இருப்பதாக, பயிற்சிக்கு வந்த ஒருவர் சொன்னார். தாளைக் காட்டும்படி இரண்டு முறை எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நான் கண்ணால் பார்க்காததால், இது சரிபார்க்கப்படாத செய்தி என்றே குறித்து வைக்கிறேன்.