மெஷினடியில் என்னை இருத்திய ஐயா

தென்மராட்சியில், கொடிகாமச் சந்தையிலிருந்து இரண்டு கட்டை தூரம் தள்ளியுள்ள ஒரு சின்னக் குறிச்சியில் எங்களைப் பெற்ற ஐயா பிறந்தார். தகப்பனார் காலமானதும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்தைப் பொறுப்பெடுத்தவர். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டு இடிந்து கிடந்தது. ஐயா முதலில் கிணற்றைத்தான் கட்டினார். வீட்டுக்குக் கூரை அதற்குப் பிறகுதான். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படுவார்.

ஐயா அதிகம் கதைக்கமாட்டார். சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோனால் சொத்தைக் காயை மேலே வைத்துக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவார். அவரைப் பற்றி ஊர் சொல்வது அதைத்தான்.

தோட்டத்தில் இறைப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெஷினடியில் இருந்து தண்ணீர் இறைக்கும் மெஷினைப் பார்க்க வேண்டும். மற்றவர் மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். தண்ணி மாறுறது என்போம். அது ஐயாவின் வேலை. அந்த மண்வெட்டியை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன்.

"நீ மெஷினடியிலை இருந்து படி" என்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவனே. அந்த மெஷின் சத்தத்துக்குள் இருந்துதான் படித்தேன்.

அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. எங்கள் வழக்கப்படி வீடும் தோட்டமும் அக்காவுக்குச் சீதனம். அத்தான் எங்கள் வீட்டோடு வந்தார். மருதனார்மடத்தார், செம்மண்ணில் தோட்டம் செய்து பழகியவர். வந்த முதற் கிழமையே ஐயா மண்வெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"இது மணல் நிலம், மருமோன். தண்ணியைக் கெதியாக் குடிச்சுப்போடும். கண்ணை எடுக்கப்படாது."

பக்கத்தில் நின்று பாத்தி பாத்தியாகச் சொல்லிக்கொடுத்தார். ஐயா ஒருவரோடு அவ்வளவு கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த வருடமே எனக்குக் கிளிநொச்சியில் அரசாங்க வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து போய்வரலாம், அல்லது அங்கே அறை எடுக்கலாம். தோட்டத்தில் நின்ற ஐயாவிடம் கேட்டேன்.

"ஐயா, நான் வீட்டிலை இருந்து போய் வரட்டோ, அங்கை அறை எடுக்கட்டோ?"

"நீ படிச்சனி. நீயே யோசி" என்றவர் அத்தான் பக்கம் திரும்பினார். "மருமோன், உந்த வாயை அடையும்."

'நில்' என்று ஒரு சொல் சொல்லமாட்டாரா என்றுதான் கேட்டேன். சொல்லவில்லை. அந்த ஞாயிறே பெட்டி கட்டினேன். பஸ் ஒத்துவராது என்று, இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மையல்ல. நானில்லாமல் ஐயா என்னைத் தேடட்டும் என்றுதான் போனேன்.

லீவுக்கு வந்தால், "வந்திட்டியோ, சாப்பிட்டியோ" என்பதோடு சரி. பின்னேரம் அவர்கள் இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஐயாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியவர் அத்தான். கடைசிக் கஞ்சியும் அவர் கையால்தான். மகன் என்ற உரிமையில் கொள்ளி வைத்தவன் நான். அப்போதும் நான் அத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அழுத அளவுக்கு எனக்கு அழுகை வரவில்லை.

படித்தவன் என்றபடியால் இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்றார் அம்மா. எழுத இருந்தால், ஐயாவின் கடைசி மூன்று வருடங்கள் என்னிடம் இல்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன்.

"அத்தான், ஐயா தோட்டத்திலை உங்களோடை என்ன கதைக்கிறவர்?"

"வேறை என்ன, உம்மடை கதைதான். 'தம்பி உந்த மெஷினடியிலை இருந்துதான் படிச்சவன்.' ஒவ்வொரு இறைப்புக்கும் உதுதான். உண்மையைச் சொன்னா, எனக்கு உம்மிலை சரியான எரிச்சல்."

"எனக்கும் உங்களிலைதான்."

"அது தெரியும். உம்மடை மூஞ்சி சொல்லும். ஒருநாள் கேட்டனான், பெடியனை ஏன் மாமா போகவிட்டனீங்கள் எண்டு. 'நில் எண்டு சொன்னா நிண்டிருப்பான். அதுதான் சொல்லேல்லை' எண்டார்."

கொப்பியில் எழுதிக்கொண்டேன். அந்தச் சொல்லையும் ஐயா எனக்குச் சொல்லாமல் அவருக்குத்தான் சொல்லியிருக்கிறார்.

ஐயாவைப் பராமரித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டுச் சமைத்துத் தந்த அயலவருக்கும், தூர இடங்களிலிருந்து வந்தும் தொலைபேசியிலும் துக்கத்தில் பங்கெடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் செய்யவேண்டியதையெல்லாம் செய்த அத்தானுக்கு என் நன்றி தனியானது.

துக்க லீவு முடிந்தபின் இந்த இரண்டு கிழமையும் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருகிறேன். ஒருநாளும் பிந்தவில்லை. நேற்றுக் கத்தரிக்கு இறைப்பு. அத்தானிடம் மண்வெட்டியைக் கேட்டேன்.

"நீர் மெஷினடியிலை இரும்" என்றார்.

இருந்தேன்.