சனிக்கிழமையை அழித்தேன்

கம்ப்யூட்டர் கீபோர்டை நான் கற்றுக்கொண்டது ஆர்வத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

அப்போதெல்லாம் டெல்லியில் விளம்பரப் பாட்டை முதலில் இந்தியில் போடுவார்கள். பிறகு அதே மெட்டில், அதே முப்பது நொடிக்குள் மற்ற மொழிகளைத் திணிப்பார்கள். தமிழுக்கு நான். சரோஜினி நகரிலிருந்து பஸ் பிடித்துப் போவேன். அந்த ஸ்டுடியோவில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பாடி முடித்ததும் என்னை அனுப்பிவிட்டுத் தெலுங்குக்காரியைக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து முகாமுக்குப் பாட்டு. தாளில் சனிக்கிழமை என்றிருந்தது, பாடினேன். முகாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டதாகப் போன் வந்தது. திருத்தி மறுபடி பாடினேன். ரெக்கார்டிஸ்ட் தலையாட்டினான். நான் கிளம்பிய பிறகு, தாளத்தில் கச்சிதமாக உட்காருகிறதென்று முதலில் பாடியதையே எடுத்துப் போட்டுவிட்டான்.

முகாம் முடிந்த மறுநாள் மதுரைப் பக்கத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

“ரேடியோல கேட்டுட்டு சனிக்கிழம பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பூட்டிக் கெடந்துச்சு. ஒங்குரலுதானேன்னு நம்பிப் போனேன்டி.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரெக்கார்டிஸ்டிடம் போய்க் கேட்டேன். மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அரே மேடம், ஹமே தோ சப் ஏக் ஜைசா லக்தா ஹை” என்றான். எங்கள் பாஷையில் எல்லாமே அவனுக்கு ஒரே மாதிரி கேட்கிறதாம். இனிமேல் நானே சரிபார்க்கிறேன் என்றேன். கீபோர்டில் கை வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று விரட்டினான்.

அதன் பிறகு தெலுங்குக்காரி பாடும்போதெல்லாம் டீ குடிக்கும் சாக்கில் அவன் பின்னால் உட்கார்ந்தேன். அவன் இடது கையையே பார்த்தேன். ஸ்பேஸ் தட்டினால் பாட்டு ஓடும், மறுபடி தட்டினால் நிற்கும். எஸ் தட்டினால் துண்டாகும். எம் தட்டினால் அந்த வரி ஊமை. தப்பாகிவிட்டால் கண்ட்ரோல் இசட். பாட்டுத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். ஒரு தாளில் பாதிகூட நிரம்பவில்லை. இதற்கா இவ்வளவு ராங்கி என்று இன்னும் கோபம் ஏறியது.

அடுத்த முகாமுக்கும் அதே பாட்டு, அதே ஞாயிற்றுக்கிழமை. இடத்தை மட்டும் மாற்றிப் பாடக் கூப்பிட்டார்கள். பாடிவிட்டு வந்தால், பழைய சனிக்கிழமை இன்னும் திரையில் அப்படியே இருந்தது. அவன் போன் பேச வெளியே போனான். நான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்பேஸ். என் குரல்தான், சனிக்கிழமை என்றது. ஸ்பேஸ். இரண்டு பக்கமும் எஸ். டெலீட். அன்றைக்குத் திருத்திப் பாடிய ஞாயிற்றுக்கிழமையை அங்கே வைத்து கண்ட்ரோல் எஸ் அடித்துச் சேமித்தேன்.

“கிஸ்னே ஹாத் லகாயா?” யார் கை வைத்தது என்று கத்திக்கொண்டே வந்தான்.

“மைனே.” நான்தான் என்றேன்.

தாளம் இடிக்கிறது என்றான். இடிக்கட்டும் என்றேன். மறுபடி மாற்றினால் எழுத்திலேயே புகார் கொடுப்பேன் என்று இந்தியில் சொல்லிவிட்டு, சிடி வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன். முதல் தடவையே அப்படி நின்றிருக்க வேண்டும்.

முகாம் முடிந்ததும் அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

“பாட்டு நல்லாருந்துச்சுடி” என்றாள். “எதுக்கும் நர்ஸம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் கெளம்புனேன்.”