பாபு வரும்வரை டீ இல்லை

டீக்கடைக்காரன் டீயை விட்டுவிட்டான் என்றால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா? நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். குஜராத்தில் அம்ரேலி சாலை முக்கில் என் பான் கடை. ஒட்டினாற்போல் வாலாபாயின் டீக்கடை. விற்பதில் பாதியைத் தானே சாசரில் ஊற்றி உறிஞ்சுகிற ஆள் அவன். ஒரு குரு பூர்ணிமா அன்று எங்கள் பக்கத்துச் சாமியார் ராகவதாஸ் பாபுவின் காலில் விழுந்து, "எனக்கு ஒரு நியமம் குடுங்க பாபு" என்று கேட்டிருக்கிறான்.

"உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

"டீ, பாபு. டீக்கடைதான் வெச்சிருக்கேன்."

"அப்ப அதை விடு. ஒருநாள் உன் கடைக்கு வந்து டீ குடிக்கிறேன். அன்னிக்கு நீயும் குடி."

அதற்குள் பின்னால் நின்றவர்கள் இவனைத் தள்ளிவிட்டார்கள். பாபுவின் கை அடுத்த தலைக்குப் போய்விட்டது.

வருஷங்கள் ஓடின, பாபு வரவில்லை. "ஏ பக்தா, உன் பாபு எதுவரைக்கும் வந்துட்டார்? பாவ்நகர் தாண்டிட்டாரா?" என்று தினமும் சீண்டுவேன். "வருவார்" என்பான். அவனுக்குக் கோபமே வராது, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஆயிரம் பேருக்கு ஆயிரம் சொல்லுகிற பெரியவர் இதையா நினைவு வைத்திருக்கப்போகிறார்? அவன் மனைவி மணிபென்கூட, "ஒரு வாய் குடிச்சா சாமி ஒண்ணும் கண்ணைக் குத்தாது" என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள்.

இதில் மாட்டிக்கொண்டவர்கள் நாங்கள்தான். குடிக்க முடியாதவன் வாசனையாவது பிடிக்கட்டும் என்று இஞ்சியைக் கூட்டினான். கூட்டிக்கொண்டே போனான். ருசி பார்க்க ஆளில்லை. ஒரு மடக்கு இறங்குவதற்குள் தொண்டை எரியும், காது அடைக்கும். குடித்தவர்கள் நேராக என்னிடம் வந்து இனிப்பு பான் கேட்பார்கள். ஆனாலும் அவனிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன குளிர்காலத்தில் பாபு எங்கள் சாலை வழியாக மஹுவாவுக்குப் போகிறார் என்று செய்தி வந்தது. எண்பதைத் தாண்டிய உடம்பு. வழியில் எங்கும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. வாலாபாய் புதுக் கோப்பை வாங்கினான். விடிந்ததிலிருந்து பால் பொங்கப் பொங்க நின்றான்.

கார் வந்தது. எங்களைக் கடந்து போயே போய்விட்டது.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாலாபாய் அடுப்பை அணைக்கவில்லை. "டேய், போதும்டா, குடிச்சிடு" என்றேன்.

"வருவார், ஹமீர்பாய்" என்றான்.

அப்போது அந்தக் கார் பின்னோக்கி நகர்ந்து வந்தது. ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு நரைத்த தாடி.

"யாருப்பா இப்படி இஞ்சி போடறது? மூக்கடைப்பு போயே போச்சு! அதுல ஒரு கோப்பை குடு."

பாபு குடித்தார். கண்ணில் நீர் முட்டியும் விடாமல் குடித்தார். பாதியில் நிமிர்ந்து, "நீ குடிக்கலையா?" என்றார்.

"நீங்கதானே பாபு சொன்னீங்க, நீங்க வந்து குடிக்கிற அன்னிக்குத்தான்னு..."

பாபு கோப்பையைக் கீழே இறக்கினார். "மறந்துட்டேனேப்பா" என்றார். குரல் உடைந்திருந்தது.

"அதுக்கென்ன பாபு, நான்தான் ஞாபகம் வெச்சிருக்கேனே."

மீதியைச் சாசரில் ஊற்றித் தம் கையாலேயே நீட்டினார். வாலாபாய் கண்ணை மூடி ஒரு உறிஞ்சு உறிஞ்சினான். மறுகணம் இருமி, தும்மி, துள்ளிக் குதித்தான்.

"அட பாவிகளா! இதையா இத்தனை வருஷமா குடிச்சீங்க? ஒருத்தனாவது சொல்லக் கூடாது?"

"நியமத்துல இருக்கறவன் மனசை எப்படிடா நோகடிக்கிறது?" என்றேன்.

பாபு சிரித்த சிரிப்பில் காரே குலுங்கியது. "ஏம்ப்பா, நீ டீயை மட்டும்தான் விட்டே. இவங்க நாக்கையே விட்டுட்டாங்க. இனிமே தினமும் முதல் டீயை நீ குடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் ஊத்து. இதுதான் புது நியமம்."

கோடை வருவதற்குள் பாபு போய்ச் சேர்ந்துவிட்டார். வாலாபாய் கடையை மூடவில்லை. முதல் டீயைக் குடித்தான், அழுதான், எங்களுக்கு ஊற்றினான். இப்போது அவன் டீ அமிர்தம். என் இனிப்பு பானைச் சீண்டுவாரில்லை.

ஆனால் இந்தக் குரு பூர்ணிமா அன்று, "இன்னிக்கு அந்தப் பழைய டீயைப் போடு" என்று நானே கேட்டேன். இஞ்சியை இடித்துக் கொட்டினான். தொண்டை எரிய எரிய, எல்லோரும் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தோம்.